பூதக்கண்ணாடிக்கு ஒரு வேலை

விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் யாரும், அந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்டை யார் சோதித்தது என்று கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்டால் பாதிப் பேர் இறங்கி நடந்தே ஊர் போய்ச் சேர்வார்கள்.

போல்ட் செய்கிற தொழிற்சாலைக்குப் போய், வேலை முறைப்படி நடக்கிறதா என்று துருவிப் பார்த்து எழுதுகிறவருக்குத் தர ஆடிட்டர் என்று பெயர். அவரை அனுப்புவது சான்றிதழ் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டர் பிடித்துக் கொடுப்பதுதான் இந்தக் கதையில் வருகிற தங்கையின் பிழைப்பு. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை ஆபீஸ். ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. டைப் அடிக்க வந்தவள், காதில் போனை ஒட்டிக்கொண்டே அங்கே நரைத்துப்போனாள்.

தகுதியுள்ள ஆடிட்டர் என்பது குதிரைக்கொம்பு. தொழிற்சாலையில் பல வருடம் குப்பை கொட்டியிருக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், மூத்த ஆடிட்டர் ஒருவர் பின்னால் பல இடங்களுக்கு அலைந்து அவர் வாயால் சரி என்று பேர் வாங்க வேண்டும். இத்தனையும் முடித்து ஒருவர் வெளியே வரும்போது தலையில் முடி இருக்காது, வீட்டில் மரியாதையும் இருக்காது. அதற்குப் பிறகும் ஒரு கண்டம் உண்டு. கடைசியாக அவர் சோதித்த தொழிற்சாலைக்குப் போன் போட்டு, ஆள் எப்படி என்று தங்கை விசாரிக்க வேண்டும். பரீட்சை எழுதின பையனிடம் வாத்தியாருக்கு மார்க் கேட்கிற கதைதான்.

தங்கை அதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருந்தாள். "தங்கமான மனுஷன் மேடம், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது" என்று தொழிற்சாலைக்காரர் உருகினால் அந்த ஆளை ஓரம் கட்டிவிடுவாள். "அந்த ஆளா? வேற யாருமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று அவர் பல்லைக் கடித்தால், அந்தப் பெயரின் கீழே கோடு போடுவாள். திட்டு வாங்குகிறவன்தான் பார்த்திருக்கிறான் என்பது அவள் கணக்கு. ரொம்ப நாள் அந்தக் கணக்கு தப்பவில்லை.

அவளுக்குத் தெரிந்து அதிகம் திட்டு வாங்கினவர் அவளுடைய சொந்த அண்ணன்தான். உலைக்கூடத்தில் இருபது வருடம் வெந்து, பிறகு ஆடிட்டர் ஆனவர். தொழிற்சாலைகளில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஓட்டலில் தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இப்படி ஒரு ஆளோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணியைக் கேட்டால், அவள் உட்கார்ந்து சொல்வதற்கு ஒரு நாள் போதாது.

ஒரு போல்ட் தொழிற்சாலையில் அவர் சிவப்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தேறாத போல்ட்டுகளைப் போடுகிற பெட்டி அது. போடும் முன் ஒவ்வொன்றையும் அறுத்துவிட வேண்டும் என்பது விதி. அறுக்காமல் முழுசாகக் கிடந்தால் என்றாவது ஒரு நாள், அவசரத்தில், நல்ல போல்ட்டுகளோடு கலந்து வெளியே போய்விடும். பெட்டிக்குள் எல்லாம் முழுசாக மினுமினுத்துக்கொண்டு கிடந்தன. அண்ணன் எழுதினார். சரக்கு வாசலிலேயே நின்றது. தொழிற்சாலை சான்றிதழ் கம்பெனியிடம் புகார் செய்தது, கம்பெனி அண்ணனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுத்தவனுக்குக் கிடைத்த வெகுமதி அது.

"கவலைப்படாதீங்கண்ணா, நான் இருக்கேன்ல" என்றாள் தங்கை. வேறொரு சான்றிதழ் கம்பெனி ஆள் கேட்டபோது, உறவைச் சொல்லாமல் அண்ணன் பெயரை அனுப்பினாள். குறிப்பு என்ற இடத்தில், தனக்குத் தெரிந்த ஆகப் பெரிய பாராட்டை எழுதினாள்: மிகவும் கறாரானவர், எதையும் விடமாட்டார்.

இரண்டு நாளில் அந்தக் கம்பெனி அதிகாரி கூப்பிட்டார். "என்ன மேடம், நீங்களே இப்படி எழுதியிருக்கீங்க?"

"நல்லதாத்தானே சார் எழுதியிருக்கேன்?"

"எங்களுக்குப் பணம் கட்டறது யாரு? தொழிற்சாலைதானே? இந்த ஆளை அனுப்பினா, அடுத்த வருஷம் அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. திறமை இருக்கணும், ஆனா கொஞ்சம் நீக்குப்போக்கும் வேணும். அப்படி யாராவது இருந்தா சொல்லுங்க."

தங்கை போனை வைத்துவிட்டு வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வயிற்றில் அடித்தது அவளுடைய பாராட்டுத்தான். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு வருடம் ஓடியது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் அண்ணன். மகளைக் கல்லூரியில் சேர்க்கிற நேரம். தங்கை போனால் அண்ணி ஜாடையாகப் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுக்கறவ வந்திருக்கா பாருங்க. நம்ம வீட்டு வாசப்படி மட்டும் அவ கண்ணுக்குத் தெரியாது."

"அண்ணி, நான் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"பண்ணு பண்ணு. உங்க அண்ணனுக்கு வயசு பின்னாடி போகப்போகுதா என்ன?"

அண்ணன் குறுக்கே பேசவில்லை. முன்பெல்லாம் மனைவி குரலை உயர்த்தினால் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு அதுதான் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததை வேறு எதற்காகவும் அவள் செய்திருக்கமாட்டாள்.

அந்த அதிகாரி மறுபடி ஆள் கேட்டார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டினால் புதிதாக எடுப்பதில்லை என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அண்ணனுக்கு இதுதான் கடைசி வருடம். கறார் என்ற குறிப்பை எடுத்துவிட்டு அவர் பெயரையே மறுபடி அனுப்பினாள் தங்கை. கடைசியாகச் சோதித்த தொழிற்சாலையின் வாய்மொழி வேண்டும் என்றார்கள். அதாவது, அந்த போல்ட் தொழிற்சாலை. தங்கை அதன் தர மேலாளருக்குப் போன் போட்டாள்.

"பூதக்கண்ணாடியா?" மேலாளர் சிரித்தார். "என்ன மேடம், வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறீங்க?"

"சார், இப்போ அவர் முன்ன மாதிரி இல்ல. வயசாயிடுச்சு, குடும்பக் கஷ்டம். அனுசரிச்சுப் போவார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை வருடம் எத்தனையோ பேருக்காகப் பேசியவள் அந்த இடத்தில் தடுமாறினாள். "எங்க அண்ணன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

மேலாளர் குரலில் தேன் ஒழுகியது. "அட, முதல்லயே சொல்லக்கூடாதா? நம்ம வீட்டு மனுஷன் மாதிரி. தங்கமான ஆளுன்னு சொல்லிடறேன், போதுமா?"

சொன்னார். வேலை கிடைத்தது. அண்ணி முதல் முறையாகத் தங்கையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். அண்ணன் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தங்கைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொழிற்சாலைக்கு வேண்டாத ஆடிட்டரை மறுக்க உரிமை உண்டு. வேண்டியவரைக் கேட்டு வாங்குவதும் நடக்கும். போல்ட் தொழிற்சாலையும் இதற்குள் இந்தக் கம்பெனிக்கே மாறியிருந்தது. அந்த மேலாளர் அண்ணனைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

ஆடிட் முடிந்த சாயங்காலம் அண்ணன் தன் வீட்டுக்குப் போகாமல் தங்கை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"போல்ட்டுல விரிசல் பார்க்கற இருட்டறை இருக்கு இல்ல?" என்றார். "சாயம் பூசி, ஊதா விளக்குல காட்டுவாங்க. மயிரிழை விரிசல் இருந்தா பளிச்சுன்னு தெரியும். ஆனா வெயில்லேருந்து உள்ள வந்தா, கண்ணு இருட்டுக்குப் பழகறவரைக்கும் காத்திருக்கணும். அங்க ஒருத்தன் வெளியிலேருந்து வந்தான், கையில இருந்த டீயைக்கூட வைக்கல, தட்டுத் தட்டா சரி சரின்னு தள்ளிட்டே இருந்தான். ஒரு மண்ணும் தெரிஞ்சிருக்காது அவனுக்கு."

"எழுதிட்டீங்களாண்ணா?"

"பேனாவை எடுத்தேன். மேலாளர் பதறவே இல்ல. தோள்ல கை போட்டான். 'சார், நீங்க அனுசரிச்சுப் போவீங்கன்னு உங்க தங்கச்சி எனக்கு வாக்குக் கொடுத்திருக்காங்க. அவங்க பொய் சொல்ற ஆள் இல்லன்னு நம்பறேன்'னான்."

சான்றிதழ் கம்பெனியிடம் தங்கை உறவை மறைத்தது வெளியே தெரிந்தால் அவள் வேலையும் போகும், அண்ணன் வேலையும் போகும்.

"அண்ணா, நான் வேணும்னு சொல்லல. அண்ணி படற பாடு..."

"தெரியும். உன்னைக் குத்தம் சொல்ல வரல." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீ பொய் சொன்னேன்னு ஆகிடக்கூடாது இல்ல? அதான், உண்மையாக்கிட்டு வந்துட்டேன்."

உள்ளே வாங்க என்று அவள் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் சான்றிதழ் கம்பெனி அதிகாரி கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"மேடம், நீங்க கொடுத்த ஆளைப் பத்தி தொழிற்சாலையிலேருந்து ஒரே பாராட்டு. இவரை மாதிரியே இன்னும் நாலு பேர் கிடைப்பாங்களா?"

இத்தனை வருடம் ஓரம் கட்டி வைத்திருந்த பெயர்களின் பட்டியலைத் தங்கை எடுத்தாள்.

"கிடைப்பாங்க சார்" என்றாள்.