தேவி அக்கா விட்ட நத்தைகள்

வீடு வீடாகப் போய்க் கடல்நீர் மீன்தொட்டி பராமரிக்கும் என்னைப் போன்றவனை யாங்கூனில் மீன் செத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். நீங்களும் தொட்டி வைத்து அல்லல்படுகிறவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முந்திக்கொண்டவை

தன்லியினில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஊ டின் என்பவர் வீட்டில் கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றுவிட்டது. மஞ்சள் மீன் ஒன்று மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. மணலுக்குள் கிடந்த சின்ன நத்தைகள் தும்பிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு கிளம்பி அதை மொய்த்தன. மீன் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

நத்தைதான் கொன்றது என்று ஊ டின் கத்தினார். இவை செத்ததையும் சாகப்போவதையும் தின்பவை, நல்ல மீனைத் தொடா என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்போ நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

ரெண்டு வாய் கஞ்சி

பசுந்தாங் பகுதியில் முத்தையா அண்ணனின் தொட்டியில் மீனைவிட அவருக்குச் செல்லம் ஒரு நீலவாய்ச் சிப்பி. கட்டைவிரல் அளவில் வாங்கி, கையகலத்துக்கு வளர்த்திருந்தார். இந்த மழைக்காலத்தில் அண்ணன் படுத்த படுக்கையானார். கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போடச் சொன்னார்.

சாகப்போகிற உயிரை விலைக்கு வாங்கி உயிரோடு விடுவித்தால் நோயாளிக்கு ஆயுள் கூடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. பலரும் ஆற்றில் மீன் விடுவார்கள். அவர் மனைவி தேவி அக்கா, சந்தையில் குழம்புக்கு விற்ற பெரிய கடல் நத்தைகளை வாங்கி, வீட்டிலேயே கடல் தண்ணீர் இருக்கிறதே என்று தொட்டியில் விட்டுவிட்டார். இவை வேறு இனம், சிப்பிகளை உயிரோடு பிடித்துத் தின்னும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பூரிப்போடு சொன்னார்: "அதுங்கள விட்டதுலேர்ந்து அண்ணன் ரெண்டு வாய் கஞ்சி குடிக்கிறாரு தம்பி."

சிப்பி

அடுத்த முறை போனபோது சிப்பி பிளந்து கிடந்தது. இரண்டு நத்தைகள் உள்ளே தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. அக்கா அடுக்களையில் இருந்தார். ஆத்திரத்தில் நத்தைகளைப் பிடுங்கக் கையை விட்டேன். அண்ணன் கட்டில் சட்டத்தைத் தட்டி என்னைத் தடுத்தார்.

"விட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி. என் பேரச் சொல்லி விட்டிருக்கா. சிப்பி வயசாகிச் செத்துப்போச்சுன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

அண்ணனும் இறந்துவிட்டார். அவர் பெயரில் விட்ட உயிர்கள் சாகக்கூடாது என்கிற அக்காவுக்காக, அக்கா பார்க்காத நேரத்தில் உயிருள்ள மட்டிகளைப் போட்டு அந்த நத்தைகளை வளர்ப்பதும் இப்போது என் தொழிலில் சேர்ந்துவிட்டது.