வால் முளைத்த கேசட்

போன வியாழக்கிழமை, கர்நாடக எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் என் கார் ஸ்டீரியோவுக்குள் இருந்த கேசட்டை, அதில் தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பிடித்து இழுத்தார். வயர் வந்துவிட்டது. கேசட் வரவில்லை. இதை எழுதும் இந்த நிமிஷம் வரை அது உள்ளேதான் இருக்கிறது.

வழக்கம்போல ஏதோ சிரிக்கச் சொல்லப் போகிறேன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தால், மன்னியுங்கள். இந்த வாரம் எனக்கு அது வரவில்லை.

என் மகள் நித்யாவை ஏன் இந்தப் பக்கத்தில் கொஞ்ச நாளாகக் காணோம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். விஷயம் இதுதான் – அவள் என்னோடு பேசுவதில்லை. நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது.

பி.யூ.சி. முடித்ததும், மைசூரிலேயே பி.ஏ. சேர்ந்து கன்னட இலக்கியம் படிக்கிறேன் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சேலத்துப் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினீயரிங் சீட் கிடைக்கும் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். போனேன். வாங்கினேன். வந்து சொன்னேன். கேட்டுவிட்டு வாங்கவில்லை... வாங்கிவிட்டுச் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவி கமலாவிடம்தான் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் காதில் இயர்போன். குவைத்தில் இருக்கும் அவள் மாமா கொண்டுவந்து கொடுத்த சின்ன சிடி பிளேயர், டிபன் தட்டு மாதிரி மடியில் கிடக்கும். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது இங்கிலீஷ் கூச்சலாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

ஹாஸ்டலில் கொண்டுபோய் விடும் நாள் வந்தது. கமலா பள்ளிக்கூட டீச்சர். லீவு கிடைக்கவில்லை. அப்படியென்றால் காரில் நானும் அவளும் மட்டும். கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர், சேலம்... ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் கமலா இல்லாத ஆறு மணி நேரம்!

எனக்குப் பயமாகிவிட்டது. நஞ்சன்கூடு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ மேலதிகாரிகளைச் சமாளித்தவன். பதினெட்டு வயசுப் பெண்ணின் மௌனத்துக்குப் பயந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அந்த சிடி பிளேயரைக் கார் ஸ்டீரியோவில் இணைத்துவிட்டால்? அவள் பாட்டை அவள் கேட்கட்டும். அதே பாட்டை நானும் கேட்பேன். பேசாவிட்டால் போகிறது... காதில் விழுவதாவது இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்குமே!

கமலாவிடம் சொன்னேன். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "பேசணும்னா அவகிட்ட பேசுங்க. அதுக்கு எதுக்கு வயரு?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் காரை வாங்கிய கதையை எழுதி உங்களை மூன்று வாரம் வதைத்தது நினைவிருக்கும். ஸ்டீரியோவும் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது என்று அப்போது பெருமையாக எழுதியிருந்தேன். அதன் முகத்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். கேசட் போட ஒரு வாய். ரேடியோ. ஏழெட்டு பட்டன். வெளியிலிருந்து ஒரு பாட்டை உள்ளே அனுப்ப ஒரு சின்ன ஓட்டை? கிடையாது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். அப்படியொரு வசதியே இதில் இல்லை, பின்பக்கம் பிரித்துக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முருகேசன் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கொள்ளேகால்காரர். அவரிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். பார்க்க எல்லாக் கேசட்டையும் போலத்தான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு வயர், வால் மாதிரி. வயரின் நுனியை சிடி பிளேயரில் செருக வேண்டும், கேசட்டை ஸ்டீரியோவில் போட வேண்டும். ஸ்டீரியோ அதை நிஜக் கேசட் என்று நம்பிப் பாடும்.

கடையிலிருந்த பழைய டெக்கில் போட்டுக் காட்டினார். பிரமாதமாகப் பாடியது.

என் காரில் போட்டால்... டக் என்று ஒரு சத்தம். உள்ளே சக்கரம் திரும்பியது. மறுபடி டக். கேசட்டை வெளியே துப்பிவிட்டது.

"இது தானா ரிவர்ஸ் ஆகற செட்டுங்க" என்றார் முருகேசன். "டேப்பு முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குது. உள்ளதான் டேப்பே இல்லீங்களே."

கேசட்டைப் பிரித்து, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, மறுபடி மூடினார். இப்போது துப்பவில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாகப் பக்கம் மாறிவிடும், பாட்டு நின்றுவிடும், பட்டனை அமுக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் முடியும் என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பட்டனை அமுக்கி அமுக்கிப் பழகினேன்.

வியாழக்கிழமை காலை பெட்டி படுக்கையை ஏற்றினோம். நித்யா போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வயரின் நீளம் மூன்றடி. பின் சீட்டுக்கு எட்டாது. அவள் பின்னால் உட்காருவாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை! ஒரு வாரம் அலைந்தவன், அதை மட்டும் யோசிக்கவில்லை.

கமலாதான் ஜன்னல் வழியாகக் குனிந்து அவளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். நித்யா இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் வயரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். இயர்போனை எடுத்துவிட்டு அதைச் செருகினாள்.

பாட்டு வந்தது.

கூச்சல் இல்லை. ஒரு ஆண் குரல், ஹார்மோனியம், தபலா. கன்னடப் பாட்டு. நிதானமாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. இத்தனை நாளாக அந்தக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது இதுதானா?

இருபத்திரண்டு வருஷமாகக் கன்னடம் பேசுகிறேன். ஆனால் என் கன்னடம் ஃபேக்டரிக் கன்னடம், காய்கறிக் கன்னடம். இந்தப் பாட்டில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கொள்ளேகால் வரை பட்டனை அமுக்கியபடியே கேட்டுக்கொண்டு வந்தேன். ஹனூர் தாண்டும்போது ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது.

"ஹம்பலன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான், இதற்குப் பதில் சொல்ல இங்கே கமலா இல்லையே என்று உறைத்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அடுத்த வளைவு தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அது... ஒண்ணு ரொம்ப வேணும்னு இருக்கும்ல. ஆனா கெடைக்காதுன்னு தெரியும். அப்பவும் வேணும்னு இருக்கும். அது."

நாற்பது நாளைக்குப் பிறகு என் மகள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள். என்னைப் பற்றிய புகார்கூட அதில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ஒரு தகப்பன் அதற்கு என்ன சொல்லியிருக்கலாம்? "உனக்கு அப்படி இருக்காம்மா?" என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் காரை ஓரமாக நிறுத்தியிருக்கலாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சவுண்டு நல்லா க்ளியரா இருக்குல்ல?"

"ம்" என்றாள்.

டக் என்றது ஸ்டீரியோ. பக்கம் மாறியது. பட்டனை அமுக்கினேன். அதற்குப் பிறகு நான் கேட்ட இரண்டு மூன்று வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மலை இறங்கிப் பாலாறு வந்தது. சந்தனக் கடத்தல்காரனைத் தேடி இந்தக் காட்டுச் செக்போஸ்ட்டில் போலீஸ் உட்கார்ந்திருப்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தோம். ஒரு போலீஸ்காரர் முன் சீட்டுக்குள் தலையை நீட்டினார். ஸ்டீரியோவிலிருந்து தொங்கும் வயரைப் பார்த்தார்.

"ஏனு இது?"

என்ன இது என்று கேட்டதற்கு நான் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் படபடப்பு. கேசட்டுக்குள் டேப் இல்லை, ஆனால் டேப் இருப்பதாக ஸ்டீரியோ நினைக்கும், அதனால் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது என்று என் ஃபேக்டரிக் கன்னடத்தில் ஆரம்பித்தேன். டேப் இல்லாத கேசட், வயர், ரப்பர் பேண்ட்! அவர் முகம் மாறிவிட்டது. வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது.

நித்யா இறங்கி வந்தாள். சிடி பிளேயரைத் திறந்து தட்டைக் காட்டினாள். நிதானமான கன்னடத்தில் இரண்டே வாக்கியம். அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வயரைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. என்னிடம் கொடுத்தார். பிறகு அவளிடம் எங்கே போகிறாய் என்று விசாரித்தார். சேலத்தில் காலேஜ் என்றாள். இவ்வளவு அழகாகக் கன்னடம் பேசுகிறாய், அவ்வளவு தூரம் எதற்கம்மா போகிறாய் என்று கேட்டார். சும்மா, பேச்சுக்குக் கேட்டதுதான்.

"நம்மப்பா ஹேளித்ரு" என்றாள் நித்யா. எங்கப்பா சொன்னார்.

கோபமில்லை. என்னைக் குத்திக் காட்டும் குரலும் இல்லை. பேர் கேட்டால் பேர் சொல்வது மாதிரி சொன்னாள். போலீஸ்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். தடுப்பைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அவள் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

மேட்டூரில் டீ குடிக்க நிறுத்தினேன். உங்களிடம் மறைப்பானேன்... திரும்பிவிடலாமா என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. அங்கிருந்து வண்டியைத் திருப்பினால் சாயங்காலத்துக்குள் மைசூர். பி.ஏ.வுக்கு இன்னும் அட்மிஷன் முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். "திரும்பிப் போயிடலாமாம்மா?" – மூன்று வார்த்தைகூட இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அவள் இயர்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"பன்னு ஏதாவது சாப்பிடறியா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஹாஸ்டலில் மூன்று இரும்புக் கட்டில் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. படுக்கையை விரித்தாள், துணிகளை அலமாரியில் அடுக்கினாள், நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கேட் வரை கூட வந்தாள். "மெதுவா போங்கப்பா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் ரேடியோவாவது கேட்கலாம் என்று ஸ்டீரியோவைப் போட்டேன். சிக்கிக்கொண்ட கேசட்டை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. டக் என்று ஒரு பக்கம் திரும்பும். டக் என்று மறுபக்கம் திரும்பும். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அணைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டேன். வீடு வரை டக்... டக்...

கமலா கேட்ட முதல் கேள்வி, பேசினாளா என்பதுதான். ஹம்பலவுக்கு அர்த்தம் சொன்னாள் என்றேன். அர்த்தத்தையும் சொன்னேன்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். கமலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டேஷ்போர்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், செட் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார் சூப்பர்வைசர். இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இதையெல்லாம் அவளிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும், எங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எழுத வருகிற அளவுக்கு எனக்குச் சொல்ல வருவதில்லை. அதோடு இங்கே எழுதினால் ஒரு தைரியம் இருக்கிறது. நித்யா கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள்...

தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது.