ஃபேஸ்பேக் காயும் வரை ஒரு கதை

எங்கள் தீவின் ஜங்லிகாட் மார்க்கெட் பக்கம் நசீராவின் பார்லரில் ஃபேஷியல் செய்துகொண்டால் கதை இலவசம். முகத்தில் பேக் பூசி, கண்களில் பன்னீர்ப் பஞ்சை வைத்துவிட்டு, அது காயும் வரை புத்தகம் வாசிப்பாள். சிரித்தால் பேக் வெடித்துவிடும். அவள் பொறுக்கி எடுப்பதோ சிரிப்புக் கதைகள். இவளுக்கு யார்தான் தொழில் சொல்லிக்கொடுத்தார்களோ.

எல்லாம் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் பிள்ளைகளுக்காக எழுதியவை. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் சொல்வாள். வங்காளிப் பெண் வந்தால் இந்தியில். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவள் தம்பி காதர், அமெரிக்காவில் ஒரு பழைய புத்தகக் கடையில் முதல் புத்தகத்தை வாங்கி வந்தான். அட்டையில் கரிய முகமும் சுருட்டை முடியுமாக ஒரு சிறுமி. "ம்மா, இது நான்தானே?" என்று கேட்ட நசீராவின் மகள் நிதா, அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாளாம். அன்றிலிருந்து காதர் சென்ட் பாட்டில் கொண்டுவந்தால் திட்டு விழும். அந்த எழுத்தாளர்களின் புத்தகம்தான் வேண்டும்.

ஆண்டு விழாவில் விருந்தினரை வரவேற்கச் சிவப்பான பிள்ளைகளையே நிறுத்துகிறார்கள் என்று நிதா ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். இந்தப் புத்தகங்களை அவள் பள்ளி நூலகத்தில் வைத்தே தீருவது என்று நசீரா பிடிவாதம் பிடித்தது அப்போதுதான். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வைஜெயந்தி டீச்சர் இரண்டு முறை கையை விரித்தார். "அமெரிக்காக் கதை நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு நசீரா? பனி பெய்யுது, ஆப்பிள் பறிச்சோம்னு." ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அதே டீச்சர் போன மாதம், தம்பி கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போகிறேன் என்று ஃபேஷியலுக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் நான், மருதாணி பூசிய தலையோடு. நசீரா பேக்கை ஒரு பூச்சு கூடவே பூசினாள் என்பது என் கணிப்பு. கண்களில் பஞ்சை வைத்தாள்.

"இனிமே பேசக் கூடாது டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒருவர் வாயை அடைத்துக் கதை கேட்க வைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

கதையில், வகுப்பு போட்டோவில் தன் முகத்தை வெளுப்பாக்கிவிட்ட போட்டோக்காரரிடம் ஒரு சிறுமி சண்டைக்குப் போகிறாள். 'அழகாத்தானே இருக்கு' என்று அவர் மழுப்புகிறார். அவள் பழுப்புப் பென்சிலை எடுத்து, போட்டோவில் இருக்கும் டீச்சர், பிரின்சிபால், மூலையில் நிற்கும் பூனை வரை எல்லோருக்கும் தன் நிறத்தையே தீட்டிவிட்டு, 'இப்ப எல்லாரும் அழகாயிட்டாங்க' என்கிறாள்.

டீச்சரின் கன்னத்துப் பேக்கில் முதலில் ஒரு விரிசல் விழுந்தது. பிறகு நெற்றியில். பிறகு உடம்பே குலுங்கியது.

"அரே டீச்சர், அசையாதீங்க. பேக் போச்சு."

"போனா போகட்டும் விடு," என்றார் டீச்சர், பஞ்சு வைத்த கண்களோடு. "சின்ன வயசுல என்னையும் எல்லா போட்டோவுலயும் பின்னாடிதான் நிறுத்துவாங்க. ஃபிளாஷ் அடிச்சாலும் தெரிய மாட்டேன்னு கிண்டல் வேற. எனக்கு இந்தப் பென்சில் தோணாம போச்சே. யாரு எழுதினது, நம்ம ஊருப் பொண்ணா?"

நசீரா பஞ்சை எடுத்துவிட்டுப் பின்னட்டையைக் காட்டினாள். எழுத்தாளரின் படம், கறுத்த முகம் நிறையச் சிரிப்பு.

"அமெரிக்காக்காரங்கதான் டீச்சர். இவங்களைத்தான் நீங்க ரெண்டு வாட்டி திருப்பி அனுப்புனீங்க."

டீச்சர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை அசெம்பிளிக்கு நீயே வந்து வாசி. தமிழ்லயும் இந்தியிலயும். இவங்க போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு லைப்ரரியில மாட்டிடலாம். புத்தகம் எல்லாத்தையும் கொண்டு வா."

நசீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கும்தான். "சலோ டீச்சர், இப்பவே கட்டித் தர்றேன்," என்று அட்டைப்பெட்டி தேடி உள்ளே ஓடிவிட்டாள். முகம் கழுவ வேண்டிய டீச்சரும் தலை அலச வேண்டிய நானும் அவளுக்கு மறந்தே போனோம். டீச்சர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். உதிர்கிற முகத்தோடு அவர் அந்தச் சிறுமியாகப் பேச, நான் போட்டோக்காரராகப் பேச, மீதிக் கதையைச் சத்தமாக வாசித்து முடித்தோம்.