கதிர்வீச்சில் கொசுறு

கதிர்வீச்சுக்கும் கொசுறு உண்டு என்றுதான் முதலில் நம்பினேன். விளாங்குடியில் காய்கறிக் கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா வரும். கூடக் கொஞ்சம் விழுந்தால் யாருக்கு என்ன கேடு?

என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். வெளியிலிருந்து கதிர் கொடுத்து முடித்தாயிற்று. இனி உள்ளேயே குழாய் வைத்துச் சில தடவை கொடுக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு என்பதை டாக்டர் எழுதுவார். அது எங்கே எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட இயற்பியல் படித்த ஒரு பெண் இருந்தார். முதல் தடவையே அவரைத் தனியாகப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினேன்.

“மேடம், பாத்து கொஞ்சம் சேத்தே போட்டு விடுங்க. துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது.”

அவர் சிரிக்கவில்லை. “அண்ணே, கர்ப்பப்பைக்கு முன்னாடி மூத்திரப்பை, பின்னாடி மலக்குடல். ரெண்டும் ஒட்டுனாப்புல இருக்கு. நீங்க கேக்குற கொசுறு அங்கதான் போய் விழும். நோய் போனாலும் புண்ணு தங்கிரும். கொறைச்சாலும் ஆகாது, நோய் தங்கிரும்.”

அரிசி மணி அளவு கதிர்ப்பொருள், ஒரு கம்பியின் நுனியில். குழாய்க்குள் போய் இங்கே சில நொடி, அங்கே சில நொடி என்று நின்று நின்று வெளியே வந்துவிடும். எங்கே எத்தனை நொடி என்பதுதான் அவருடைய கணக்கு. அதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஸ்கேன் எடுத்துப் போடுவாராம்.

“மொதத் தடவ போட்டதையே வச்சுக்கிட்டா என்ன மேடம்?”

“நேத்து நிறுத்த எடையச் சொல்லி இன்னைக்குக் காய் விப்பீங்களா?”



அடுத்த தடவை வந்தது. மனைவிக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் வைத்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. திடீரென்று அந்தப் பெண் வேகமாக வெளியே வந்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் என் மனைவியை மறுபடியும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பேரையூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் என்னைப் பார்த்தார். “என்ன மாப்ள, பேயறைஞ்சாப்புல நிக்கிற?”

“மச்சான், நான்தான் சேத்துப் போடச் சொன்னேன்.”

“என்னத்த?”

“கதிர.”

“அடப்பாவி! ஆஸ்பத்திரியயும் ஒன் கடைன்னு நெனச்சியா?”

ஓடிப்போய்க் கணக்கு அறைக் கதவைத் தட்டினேன். “மேடம், அன்னைக்குக் கேட்ட கொசுறு வேணாம்! திருப்பி எடுத்துருங்க!”

அப்போதுதான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். “அண்ணே, இன்னும் கதிரே போகல. மலக்குடல்ல காத்து நெறஞ்சு உப்பி, குழாய்கிட்ட வந்துருச்சு. அப்படியே குடுத்தா அது தாங்காது. காத்த எடுத்துட்டு மறுபடி ஸ்கேன் எடுத்திருக்கோம். மொதல்லருந்து போடுறேன், உக்காருங்க.”

உட்காரவில்லை. வாசலிலேயே நின்றேன். திரையில் மலக்குடலைச் சுற்றி ஒரு கோடு, நோயைச் சுற்றி ஒரு கோடு. ஓர் இடத்தில் நொடியைக் குறைத்தால் குடல் தப்பித்தது, ஆனால் நோயின் ஓரம் விட்டுப்போனது. அதைப் பிடிக்க வேறோர் இடத்தில் கூட்டினார்; மூத்திரப்பை மாட்டிக்கொண்டது. மறுபடியும் குறைத்தார். தராசில் எண் நின்றதும் பையைக் கட்டிவிடுகிற ஆள் நான். இவரோ எண் சரியாக நின்றபிறகும் இன்னொருவரைக் கூப்பிட்டு முழுவதையும் சரிபார்க்கச் சொன்னார். அதன்பிறகுதான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

கதிர் கொடுத்தது கொஞ்ச நேரம்தான். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “ஏங்க, ஏன் இம்புட்டு நேரம்?”

“ஒம் புருசன் கொசுறு வாங்கியிருந்தான் தாயி. திருப்பிக் குடுக்க நேரமாயிருச்சு” என்றார் மச்சான்.

அன்று அவளுக்குக் கொடுத்தது டாக்டர் எழுதிய அளவு. மலக்குடலுக்குப் போனது வரம்புக்குள்தான் இருந்தது.