நஃபீசா எடுத்த இரண்டாம் பிரதி

கோவை உக்கடத்தில் குடியிருந்த நஃபீசா, டாக்டர் சுந்தரராஜுலுவின் கிளினிக்கில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். சீட்டு எழுதுவது, அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வது, தாய்க்கு ஆறுதல் சொல்வது எல்லாம் அவள்தான். உதடு பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்பவர் டாக்டர்.

1997 கடைசியில் டாக்டரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். ஃபிலிம் கிடையாது, ஃபிளாப்பியைச் செருகினால் படம் அதிலேயே பதிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று படம் எடுக்கும் வேலையும் நஃபீசாவுக்கு வந்தது. ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் பேரும் தேதியும் எழுதி ஒட்டி, சுவரோர மர அலமாரியில் அடுக்கினாள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

1999 கார்த்திகையில், அடைமழைக்கு நடுவே, உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து பழனாத்தாள் வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள் தாரணி. இங்கே ஆபரேஷன் ஆன பிள்ளை, மேலுதட்டில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிச்சம்.

"என்ன அம்மணி, புள்ளைக்கு ஏதாச்சும் தொந்தரவா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. என் தங்கச்சிக்குப் புள்ளை பொறந்திருக்குது. இவளுக்கு இருந்தாப்பலயே உதடு. ஆடியில கிரகணத்தன்னிக்குக் காய் அரிஞ்சதுதான் காரணம்னு அவ மாமியா சொல்லிப்போட்டாங்க. ஆசுபத்திரிக்கும் விட மாட்டேங்கறாங்க. நாங்க அப்ப வெக்கப்பட்டுட்டு இவளை ஒரு போட்டோகூட எடுக்கலீங்க. நீங்க எடுத்தது இருக்குமில்லீங்க? அதைக் காட்டினா, ஆபரேஷன்ல சரியாயிரும்னு நம்புவாங்க."

"உக்காரு. இப்பவே எடுத்துத் தாரேன்."

தாரணியின் ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டாள். கரகரவென்று சத்தம் வந்தது, படம் வரவில்லை. டிரைவ்தான் கெட்டுவிட்டதோ என்று, போன வாரம் நன்றாக ஓடிய இன்னொன்றைப் போட்டாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் போனபோது கையை எடுத்துக்கொண்டாள். முதல் ஃபிளாப்பியின் தகர மூடியை நகர்த்திப் பார்த்தால், உள்ளே வெள்ளைப் புள்ளிகள். சுவரின் ஈரம் அலமாரிக்குள் ஏறியிருந்தது.

பழனாத்தாளை இருக்கச் சொல்லிவிட்டு, ஃபிளாப்பிகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மனோஜ்குமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"பூசணம் புடிச்சதைப் போட்டா டிரைவுக்குள்ள ஒட்டிக்குமுங்க்கா. அப்புறம் நல்லதைப் போட்டாலும் கீறிப்போடும்."

"அப்ப மத்த ரெண்டையும் நாந்தான் கெடுத்தனா?"

அவன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தான். ஃபிளாப்பியின் உறையைப் பிரித்து, உள்ளிருந்த வட்டை மெதுவாகத் துடைத்து, வேறு உறையில் மாட்டி, வேறொரு டிரைவில் போட்டான். தாரணியின் முகம் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. நெற்றி, கண், மூக்கு, பிளந்த உதடு. தாடைக்குக் கீழே படம் நின்று, வெறும் சாம்பல் நிறமானது.

"இது போதும்" என்றாள் நஃபீசா. அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஆனால் மற்றவற்றையும் அவன் போட்டுப் பார்த்ததில், ஏழு குழந்தைகளின் முகம் வரவே இல்லை. ஆபரேஷன் ஆகிவிட்ட பிள்ளைகள். பழைய முகத்தை இனி எடுக்க முடியாது. தாரணி படத்தின் பிரிண்ட்டை வாங்கிக்கொண்டு பழனாத்தாள் போன பிறகு, நடந்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

டாக்டர் எழுந்து வந்து அலமாரிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "நானும் ஒரு நாள்கூட கேக்கலியேம்மா" என்றார். "இனி என்ன செய்யலாம்?"

"நல்லா இருக்கறதையெல்லாம் சிடியில ஏத்தித் தர்றேன்னு மனோஜ் சொல்றாருங்க. ரெண்டு சிடி. ஒண்ணு இங்க, இன்னொண்ணு உங்க ஊட்டு பீரோவுலங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே நாள்ல மழை ஒழுகாதுங்களே."

சிரித்துவிட்டு டாக்டர் சம்மதித்தார். அந்த வாரமே எண்பத்து மூன்று குழந்தைகளின் படங்கள் சிடிக்கு ஏறின. ஏற்றியதோடு விடாமல், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நோட்டில் குறித்தாள்.

மார்கழியில் பழனாத்தாளின் தங்கை வந்தாள். குழந்தையைத் தூக்கி வந்தது மாமியார்தான். யாரும் கேட்காமலே, துண்டை விலக்கி முகத்தைக் காட்டினார். நஃபீசா படம் எடுத்தாள். அவர்கள் எழுந்தார்கள்.

"ஒரு நிமிசம் இருங்க" என்று அவர்களை உட்கார வைத்து, ஃபிளாப்பியைப் புது டிரைவ் மாட்டிய கம்ப்யூட்டரில் போட்டு, படத்தை ஏற்றி, திறந்து பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டபடி இருந்தது. தாடைக்குக் கீழே சட்டைப் பொத்தான்வரை தெளிவாகத் தெரிந்தது.

"வந்துருச்சுங்க" என்றாள். "இனி ஆபரேஷனுக்குத் தேதி பாக்கலாம்."