காப்பி நிறத்தில் ஒரு கார்ப்பெட்

டைல்ஸ் வேண்டும் என்று கேட்டதே நான்தான். எங்கள் மலை ஊர் செம்மநத்தத்தில் பாதி வீடுகளுக்கு வந்துவிட்டது, நமக்கு மட்டும் என்ன குறை என்று மகனை நச்சரித்துப் போட வைத்தேன். தரை முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியது. நானும் ஒரு வாரம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன். மூடுபனி இறங்கினால் அதன்மேல் ஈரம் வேர்த்து நிற்கும் என்று யார் கண்டது?

எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயது. கறுப்பு. பின்னங்கால் இரண்டிலும் பலம் கிடையாது. மழை பிடித்த முதல் வாரத்தில் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது, சறுக்கியது, நாலு காலும் நாலு பக்கம் விரியத் தவளை மாதிரி படுத்துவிட்டது. நானும் மருமகளும் வயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். மாட்டு டாக்டர் வந்து காலை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னொருக்கா இப்படி உளுந்தா எந்திரிக்காதுங்கம்மா. கால் பிடிக்கிற மாதிரி தரையில ஏதாச்சும் விரிங்க."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. டைல்ஸில் அதன் நகம் டக்கென்று பட்டால் போதும், அடுப்பை விட்டு ஓடுவேன். எத்தனை தோசை கருகியது என்று மருமகளைக் கேட்டால் சொல்வாள். வெளியே கட்டலாமே என்பார்கள். அந்தக் குளிரில் கிழட்டு நாயை எப்படிக் கட்டுவது? வீட்டில் இருந்த ஜமக்காளத்தை விரித்து நானே முதலில் மிதித்துப் பார்த்தேன். அது என்னையும் கூட்டிக்கொண்டு சுவர்வரை போனது. உடனே மடித்துப் பரணில் போட்டேன்.

மறுநாள் கார்ப்பெட் வாங்க மருமகளோடு ஒண்டிக்கடை பஜாருக்கு பஸ் ஏறினேன். எனக்கு அடி, அங்குலம் எல்லாம் தெரியாது. கயிறு எடுத்து, வாசலிலிருந்து நாய் படுக்கிற மூலைவரை பிடித்து முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகியிருந்தேன். பஸ்ஸில் இருந்தவர்களிடம் எல்லாம் கயிற்றை எடுத்துக் காட்டி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனதில் முடிச்சு அவிழ்ந்துவிட்டதோ என்று வேறு பயம்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பஞ்சு மாதிரிப் புசுபுசுவென்று இருந்தது. மருமகள் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"வேண்டாம் கண்ணு. நனைஞ்ச நாய் படுத்தா இது தை மாசம்தான் காயும். ஊடே நாறிப் போயிரும்."

அடுத்தது நூல் வளையம் வளையமாகப் பின்னியது. சுண்டுவிரல் நகத்தை விட்டு இழுத்தேன். நூல் கூடவே வந்தது.

"ஏனுங்க பெரியம்மா, வாங்குறதுக்கு முன்னாடியே பிரிச்சுப் போடுறீங்களே!"

"நான் பிரிக்கலீங்க, எங்கூட்டுப் பூனை பிரிக்கும். அது செய்யறதை முன்னாடியே செஞ்சு பாத்தேன்."

அவர் சிரித்துவிட்டார். நிறத்தில் கொஞ்ச நேரம் போயிற்று. மருமகளுக்குச் சந்தன நிறம் பிடித்திருந்தது. நாய் கறுப்பு, பூனை வெள்ளை, எதை எடுத்தாலும் ஒருத்தர் முடி தெரியத்தானே போகிறது? கடைசியில் இழை கட்டையாக, அடியில் ரப்பர் ஒட்டிய ஒன்றை எடுத்தேன். செருப்பைக் கழற்றி மிதித்தேன், காலால் தள்ளினேன், குதிக்கவும் செய்தேன். அசையவில்லை. நல்ல காப்பி நிறம்.

"போயும் போயும் நம்ம களத்துல காயற காப்பி நிறந்தான் கெடச்சுதுங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

"சேறு தெரியாது பாரு" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை நீட்டி, அந்த நீளத்துக்கு வெட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து விரித்ததும் பூனை வந்து நட்டநடுவில் உட்கார்ந்தது. நாய் வந்தது. ஓரத்தில் நின்றது. மோந்தது. பிறகு சுவரை ஒட்டி, டைல்ஸ் மேலேயே, கால் நடுங்க நடுங்கச் சுற்றிக்கொண்டு போனது. பாதி வழியில் பின்னங்கால் சறுக்க, நான் பாய்ந்து பிடித்தேன்.

"மேல வா சாமி, உனக்குத்தான் வாங்கினது!" கருவாடு வைத்தேன். கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டதே தவிர ஒரு கால் வைக்கவில்லை. மூன்று நாள் இப்படியே. முன்பாவது நேராக நடந்தது, இப்போது விளிம்பு விளிம்பாகப் போய் இன்னும் சறுக்குகிறது. நானே காசைக் கொடுத்து அதைக் கீழே தள்ளப் பார்க்கிறேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ படுதா உதறுகிற சத்தம். நாய் காதை நிமிர்த்தியது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குட்டியாக இருந்தபோது இது களத்தில் படுதா விரித்துக் காயப்போட்ட காப்பியின் மேல் ஏறி ஒன்றுக்குப் போய்விட்டது. விரித்தது எதையும் மிதிக்கக் கூடாது என்று குச்சியை ஆட்டி ஆட்டிப் பழக்கியது நான்தான். சாயங்காலம் காப்பியை அள்ளி, படுதாவை உதறிப் போட்ட பிறகுதான் அதற்கு அனுமதி. அந்தச் சூட்டில் போய்ச் சுருண்டுகொள்ளும். களத்துக்குச் சொன்னதை அது வீட்டுக்குள்ளும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது!

"கண்ணு, அந்தப் பக்கம் முனையைப் பிடி!"

"எதுக்குங்க அத்தை? நேத்துத்தானே கூட்டினேன்?"

"பிடின்னா பிடி."

பூனையைத் தள்ளிவிட்டு, இரண்டு பேரும் நாலு முனையைப் பிடித்து, அந்தக் கனத்தைப் படார் படார் என்று மூன்று தடவை உதறினோம். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. "அள்ளியாச்சு!" என்று களத்தில் கத்துகிற மாதிரியே கத்திவிட்டுக் கீழே போட்டேன்.

நாய் என் முகத்தைப் பார்த்தது. முன்னங்கால் ஒன்றை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு நாலு காலும் மேலே. வாசலிலிருந்து மூலைவரை, ஒரு சறுக்கல் இல்லாமல் நடந்து போய், இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. நான் அழுதுவிட்டேன், சிரிப்பும் வந்தது.

இப்போது தினமும் ஒரு தடவை உதறியாக வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்திலேயே நின்று என்னைப் பார்க்கும். "இந்த ஊட்ல காப்பி அறுவடை வருசம் பூரா நடக்குதுங்க" என்று மருமகள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். முனையைப் பிடிக்க அவள்தான் முதலில் வருகிறாள்.