அபாயாவுக்குள் இருந்த நைட்டி

நான் கறுப்பு அபாயா போட ஆரம்பித்தது கல்யாணத்துக்குப் பிறகு, ரியாத்தில். எங்கள் கடற்கரை ஊரில் நான் கல்லூரிக்குப் போன காலத்தில் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போவார்கள். கறுப்பு நிறம் சவூதியிலிருந்து லீவுக்கு வந்தவர்களின் பெட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வந்தது. ரியாத்தில் அபாயா இல்லாமல் தெருவில் இறங்க முடியாது என்பதால், நான் முதல்முறை விமானம் ஏறிய அன்றே என் கணவர் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

அதில் ஒரு சௌகரியம் இருப்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. அபாயா தோளிலிருந்து கணுக்கால் வரை மூடிவிடும். முன்பக்கம் வரிசையாக அழுத்துப் பொத்தான்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கொத்தமல்லி இல்லையென்றால், நைட்டிக்கு மேல் அபாயாவை மாட்டி, தலையில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு கீழே கடைக்குப் போய் வந்துவிடலாம். அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழ்ப் பெண்கள், மலையாளப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதுகூட இல்லை.

2005இல் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து ஆலன் என்ற ஊருக்கு வந்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. வந்த வாரமே கணவர் சுற்றிவளைத்து ஆரம்பித்தார். இங்கே காற்று அதிகம், அபாயா பறக்கும், கார் கதவில் மாட்டிக்கொள்ளும், சல்வாரும் ஸ்கார்ஃபும் போதாதா என்றார். ஆபீஸ் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் அவருடைய கவலை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பழகிப்போனது, விடமுடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஈமான், மார்க்கத்தின் மேல் உள்ள உறுதி என்று எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் பேசவில்லை.

எங்கள் அபார்ட்மெண்டின் எதிர்வீட்டில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் கணவரும் ஐ.டி.தான். அவளும் என்னைப் போலவே வேலைக்குப் போக முடியாத விசாவில் வந்தவள். ஆனால் கார் ஓட்டுவாள். எனக்கு லைசென்ஸ் இல்லாததால் எங்கே போனாலும் அவளுடன்தான். அவள் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் கோயிலுக்குப் போகிற சனிக்கிழமைகளில் திரும்பும் வழியில் எனக்காக ஹலால் கடையில் நிறுத்திக் கறி வாங்கி வருவாள். அவள் சுத்த சைவம். கவரை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைப்பாள்.

“அக்கா, கிளம்பலாங்களா?” என்று அவள் கேட்டால் நான் அடுத்த நிமிடமே வாசலில் நிற்பேன். அவள்தான் ஜீன்ஸா சுடிதாரா என்று முடிவெடுக்க முடியாமல் திணறுவாள். ஒரு கோடையில், இந்த வெயிலில் எப்படி இதைத் தாங்குகிறீர்கள் என்று கேட்டாள். பழக்கம்தான் என்றேன். என்னைப் பற்றித் தன் அம்மாவிடம் ஃபோனில் சொன்னதாகவும், அமெரிக்காவுக்கு வந்தும் மாறாத பக்தி என்று அவர் மெச்சிக்கொண்டதாகவும் சொன்னாள். அதைக் கேட்கும்போதே என் காது சூடானது. அந்த நேரத்திலும் நான் உள்ளே நைட்டியில்தான் இருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வேலைநாளில் அவள் கணவருக்கு வாங்கிய சட்டையை மாற்ற மாலுக்குப் போனோம். வழக்கம்போலத்தான் நான் கிளம்பினேன். உள்ளே இருந்தது மஞ்சள் பூப்போட்ட பருத்தி நைட்டி. ஜிப் போய்விட்டதால் நெஞ்சில் ஒரு ஊக்கு. வயிற்றுப் பக்கம் காலையில் தெறித்த மீன்குழம்பின் கறை. அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

சட்டையை மாற்றிவிட்டு எஸ்கலேட்டரில் இறங்கினோம். அவள் முன்னால் நின்றாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கீழே படி தரைக்குள் மடங்குகிற இடத்தில் மகளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன். அவளைத் தூக்கக் குனிந்தபோது அபாயாவின் விளிம்பு படியில் புரண்டிருக்கிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தேன். துணி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மகள் வீறிட்டாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பட்டனை அடித்தாள். எஸ்கலேட்டர் குலுங்கி நின்றது.

எனக்குக் காயம் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பின்பக்கத் துணி முழுவதும் இயந்திரத்தின் பல்லில் இறுகியிருந்தது. மேலேயும் கீழேயும் ஆட்கள் கூடினார்கள். மாலின் செக்யூரிட்டிக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும், உயரமான கறுப்பின மனிதர். என் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அடிபட்டதா என்று கேட்டார். பிறகு ரேடியோவில் பேசினார். மெக்கானிக் வர நேரமாகுமாம். மேலங்கியை மட்டும் கழற்றிவிட்டால் எழுந்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் இரண்டு கையாலும் அபாயாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முடியாது என்று தலையாட்டினேன்.

அவர் முகம் மாறியது. என்னைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஓரடி பின்னால் நகர்ந்தார். இது உங்கள் மதம் சம்பந்தப்பட்டது என்று எனக்குப் புரிகிறது, மன்னித்துவிடுங்கள் மேடம் என்றார். எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும், பேச வராது. வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

எதிர்வீட்டுப் பெண் என் காதருகே குனிந்தாள். “அக்கா, உள்ள சல்வார்தானே போட்டிருக்கீங்க? கழட்டிருங்க, பரவால்ல.”

“நைட்டி” என்றேன்.

“என்னங்க?”

“நைட்டிதான் போட்டிருக்கேன். கறை வேற.”

அவள் என்னையே பார்த்தாள். அவள் அம்மாவிடம் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. “ஐயோ அக்கா” என்றாள் மெதுவாக. தன் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

செக்யூரிட்டிக்காரர் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து நின்று, கூடியிருந்தவர்களைப் பார்த்து, கத்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இந்தப் பெண்மணிக்குத் தனிமை தேவை, தயவுசெய்து எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றார். அவர்கள் திரும்பினார்கள். தொப்பி போட்ட கிழவர்கள், பை தூக்கிய பெண்கள், மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்ற பள்ளிக்கூடப் பையன்கள், எல்லோரும். யாரும் முணுமுணுக்கவில்லை. தலையில் துணி கட்டியவளைப் பார்த்தால் கடையில் வேறு வரிசைக்கு மாறிப் போகிறவர்களை நான் அந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அன்று அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். கடைசியாகச் செக்யூரிட்டிக்காரரும் திரும்பிக்கொண்டார்.

நான் பொத்தான்களைப் பிரித்தேன். அந்த அமைதியில் ஒவ்வொன்றும் டப் டப்பென்று கேட்டது. கைகளை உருவிக்கொண்டு எழுந்தேன். அப்போது என் மகள், அழுகையெல்லாம் நின்று, தெளிவான குரலில் சொன்னாள்:

“உம்மா, யூ ஆர் இன் யுவர் நைட்டி.”

நைட்டி என்பது ஆங்கிலச் சொல் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே எங்கோ ஒரு பையன் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டான். ஆனால் யாரும் திரும்பவில்லை. செக்யூரிட்டிக்காரரின் தோள்கூட அசையவில்லை. எதிர்வீட்டுப் பெண் கோட்டை என்மேல் போர்த்தி இழுத்துப் பூட்டினாள். கோட்டுக்குக் கீழே மஞ்சள் பூக்கள் தெரிய, தலையில் ஒழுங்காகக் கட்டிய ஸ்கார்ஃபோடு, வழிவிட்டு நின்ற அந்த முதுகுகளுக்கு நடுவே கார் வரைக்கும் நடந்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

காரில் அவள் ஹீட்டரைப் போட்டாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். “சொல்லமாட்டேங்க்கா” என்றாள். அவள் குரல் நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறாளா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முதலில் காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நைட்டி விஷயம் வந்ததும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நம் ஆட்கள் யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்டார். எதிர்வீட்டுப் பெண் மட்டும்தான் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் எனக்கு இடம் விட்டார்கள். ஹைதராபாத் ஆன்ட்டி ஒருவர் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உயிர் போனாலும் பர்தாவை விடமாட்டேன் என்று நீ பிடித்துக்கொண்டாயாமே, மொத்த மாலும் திரும்பி நின்றதாமே என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். “மச்சான், நீங்கதான் சொன்னீங்களா?”

“ஆமா. வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடறது நல்லதுன்னு தோணுச்சு.”

“அப்படியா நடந்துச்சு?”

“நடந்ததத்தான் சொன்னேன். அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டேன்” என்றார். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

கதை அதோடு நிற்கவில்லை. பள்ளிவாசலில் வருஷத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்து அமெரிக்கர்களை அழைத்து விருந்து வைப்பார்கள். இஸ்லாத்துக்கு மாறிய ஒரு வெள்ளைக்கார டீச்சர்தான் அதை நடத்துவார். நல்ல மனுஷி. அவர் மாலுக்கே போய் அந்தச் செக்யூரிட்டிக்காரரைத் தேடிப் பிடித்து விருந்துக்கு அழைத்துவிட்டார். என்னையும் முன்வரிசையில் உட்காரச் சொன்னார். எவ்வளவோ மறுத்தேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கணவர் எனக்குப் புது அபாயா வாங்கி வந்தார். அன்று அதற்குள் என்னிடம் இருந்ததிலேயே நல்ல சல்வாரை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பெண்ணும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் போட்ட ஸ்கார்ஃப் நழுவிக்கொண்டே இருந்தது. டீச்சர் மேடையில் என் உறுதியைப் பற்றிப் பேசினார். பிறகு செக்யூரிட்டிக்காரர் கோட் சூட்டில் எழுந்து நின்றார். தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கேட்டதும் திரும்பி நின்ற மக்களைத்தான் பாராட்ட வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் உடம்பு குலுங்கியது. இந்தமுறை சிரிப்புத்தான் என்று தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து என் பின்னால் இருந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு மேசைப் பக்கம் செக்யூரிட்டிக்காரர் தனியாக நின்றபோது அவரிடம் போனேன். அவராவது உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. வீட்டில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியங்களில் பாதி மறந்துவிட்டது. அன்றைக்கு நான் துணியை விடாமல் பிடித்துக்கொண்டது இவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை, உள்ளே நான் சரியாக உடுத்தியிருக்கவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார்.

“நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன், மேடம்” என்றார். “எனக்கு எதுவும் தெரியாது.”

பிறகு என் மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. மகள் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது. நன்றி என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வருஷமே லைசென்ஸ் வாங்கினேன். நீளமான குர்தாவும் ஸ்கார்ஃபும் போட்டுக்கொண்டு வெளியே போகப் பழகினேன். கொத்தமல்லி வாங்கப் போனாலும் உடை மாற்றிக்கொண்டுதான் போகிறேன். எதிர்வீட்டுப் பெண் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அவள் கணவருக்கு வேலை மாறி கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகும் வாரம் ஒருமுறை பேசுவோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டுபேரும் பேசுவதில்லை. கணவரோ பெருநாளுக்கு விருந்தாளிகள் வந்தால் மாலில் நடந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். ஒவ்வொரு முறையும் கூட்டம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும். அவர் ஆரம்பித்ததும் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன். மகள் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, நான் போவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.